பெறுநர் முகவரி

வெர்னா ஸ்டக்கி வாரம் ஒரு கடிதம் போடுவாள்.
வியாழன் பிற்பகல், என் கவுன்டரில்.
கோழித் தொழிற்சாலையின் ப்ளீச் வாசனை
உறையின் பசையிலும் ஒட்டியிருக்கும்.
கட்லர்ஸ் ஃபோர்க்கில் நிலக்கரி தீர்ந்த பின்
நிற்காமல் ஓடியவை இரண்டுதான்:
அந்தத் தொழிற்சாலை, எங்கள் தபால் வண்டி.

மகன் லானி பதினொரு வயதில்
பள்ளியின் மஞ்சள் தாள் ஒன்றில்
டிடென்ஷன் என்ற சொல்லை வீட்டுக்குக் கொண்டுவந்தான்.
மணி அடித்த பிறகும் பெஞ்சில் இருக்க வேண்டும்,
அவ்வளவுதான் அதன் பொருள் அப்போது.
பதினான்கில் அதே சொல்லின் பின்னால்
ஹோம் என்று ஒன்று வந்து ஒட்டிக்கொண்டது.
அதை மட்டும் அவள் எழுத மாட்டாள்.
டிடென்ஷன், ஓர் இடைவெளி, தெரு எண்.
விலாசம் முழுதாக இல்லையே என்றேன்.
ஹோம் டேனர் தெருவில் இருக்கிறது,
கொல்லையில் அவன் சைக்கிளோடு, என்றாள்.
முத்திரை குத்தினேன்.
போய்ச் சேர்ந்தது.

அப்புறம் ஜெயில்.
கவுண்டி ஜெயில், எங்களுக்கு மூன்று தெரு தள்ளி.
நடந்துபோய் நீட்டியிருக்கலாம்.
ஸ்டாம்ப் வாங்கித்தான் அனுப்பினாள்.

ஹானர் கேம்ப்புக்கு மாற்றிய கோடையில்
சர்ச்சில் கேட்டவர்களிடம்
கேம்ப் என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.
நல்ல மனசுக்காரர் யாரோ
கொசு மருந்து ஒரு புட்டி கொடுத்தனுப்பினார்.
அதையும் பார்சல் கட்டி என்னிடம் கொண்டுவந்தாள்.

கேம்ப்பிலிருந்து ஓடினான்.
ஒன்பது நாள்.
பத்தாம் நாள் பெனிடென்ஷரி.

எழுத்துக் கூட்டத் தெரியாமல் திணறினாள்.
எத்தனை டி என்று கேட்டாள்.
எனக்கும் தெரியவில்லை; அகராதியை எடுத்தேன்.
மணியார்டர் படிவத்தின் பின்புறம்
பென்சிலால் எண்ணினோம், வரிசை காத்துக் கிடக்க.
இரண்டு ஈ, இரண்டு என், இரண்டு ஐ, இரண்டு டி.
நோவாவின் பேழைக்குப் போகிற மாதிரி
ஜோடி ஜோடியாக.
ஜோடியில்லாமல் வெளியே நின்றவை நான்கு:
பி, ஏ, ஆர், ஒய்.
அவள் அவற்றை இடம் மாற்றி எழுதினாள்.
பி, ஆர், ஏ, ஒய்.
ப்ரே.
ஜெபி.
படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.
அன்றைக்கு மீதிச் சில்லறையை மறந்துவிட்டாள்.

நான்காம் வருடம் பலகையை மாற்றினார்கள்.
கரெக்‌ஷனல் ஃபெசிலிட்டி.
சுவர் அதுதான், ஜிப் கோடு அதுதான்.
அகராதியில் ஃபெசிலிட்டிக்கு முதல் பொருள்
சுலபம்.
அவளிடம் நான் சொல்லவில்லை.

ஒரு கடிதம் திரும்பி வந்தது.
இடமாற்றம், ஸ்பெஷல் ஹவுஸிங்,
என்று ஊதா மையில்.
ஸ்பெஷல் என்றால் நல்லதுதானே, என்றாள்.
இரண்டு மாதம் கழித்து லானி எழுதினான்:
அம்மா, நாங்கள் அதை ஹோல் என்போம்.
பொந்து.
ஜன்னல் உண்டா என்று கேட்டு எழுதினாள்.
அந்தக் கேள்விக்குப் பதில் வந்ததாகத் தெரியவில்லை.

மார்ச் மாதம், செவ்வாய்க்கிழமை, தூறல்.
உயரமான ஒருவன்
வாசல் கதவுக்கு முன் நின்றுகொண்டேயிருந்தான்.
தள்ளினால் திறக்கும் என்று கை காட்டினேன்.
வெளியே பிக்கப் வண்டியில் வெர்னா,
எஞ்சினை நிறுத்தாமல்.

முகவரி மாற்றப் படிவம் கேட்டான்.
பழைய முகவரி: ஒரே ஒரு வரிதான் இருக்கிறது.
எதைப் போடுவது என்றான்.
கடைசியாக இருந்ததை, என்றேன்.
ஹாஃப்வே ஹவுஸ் என்று ஆரம்பித்து
ஹவுஸில் நின்றான்.
தற்காலிகமா, நிரந்தரமா?
கட்டங்கள் இரண்டு.
அவன் படிவத்தைப் பார்க்கவில்லை.
எங்கள் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
களவு போகாமலிருக்க
பித்தளைக் குண்டுச் சங்கிலியால் அதை
மேஜையோடு பூட்டியிருக்கிறோம்,
இருபது வருடமாக.
எனக்கு இதுவரை உறுத்தியதே இல்லை.

சட்டைப்பையிலிருந்த என் பேனாவைக் கொடுத்தேன்.
டிக் செய்தான். எந்தக் கட்டத்தில் என்பது
தபால் ரகசியம்.
டேனர் தெரு என்று பெரிய எழுத்தில் எழுதினான்.
கதவைத் தானே தள்ளிக்கொண்டு போனான்.

பேனாவும் அவனோடு போய்விட்டது.
வியாழக்கிழமைகளில் வெர்னா வருவதில்லை இப்போது.